அப்பா விற்ற ஓட்டங்கள்

1. அப்பா, லண்டனில் இருக்கும் சித்தப்பாவின் கணக்கு வழியாக, இலங்கை அணியின் ஓட்டங்களை விற்றார்.
2. அது எப்படி நடக்கிறது என்று அப்பாவுக்கு விளங்கப்படுத்தியவள் நான்.
3. ஒரு சனிக்கிழமை அந்த அணி 371 ஓட்டங்கள் எடுத்தது.
4. அப்பா அம்மாவின் மருத்துவக் காப்புறுதிப் பணத்தை ஐந்து மாதம் கட்டவில்லை.
5. கடன் அறவிடும் அலுவலகத்தில் அம்மாவின் பெயரில் ஒரு பதிவு விழுந்தது.
6. அம்மாவின் சுவிஸ் குடியுரிமை விண்ணப்பம் நின்றுபோனது.

வேலையிடத்தில் ஒரு பிழை நடந்தால் இப்படித்தான் எழுதுவோம். நடந்தவற்றை நடந்த ஒழுங்கில், ஒரு வரிக்கு ஒன்றாக, காரணம் சொல்லாமல் எழுத வேண்டும். காரணம் அடுத்த தாளில் வரும். நான் சூரிச்சுக்குப் பக்கத்தில், ஷ்லீரனில் ஒரு தொழிற்சாலையில் அளவுச் சோதனை செய்கிறேன். உலோகத் துண்டுகள் தட்டுத் தட்டாக என் மேசைக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கீழ் எல்லையும் ஒரு மேல் எல்லையும் உண்டு. இரண்டுக்கும் இடையில் இருந்தால் பச்சைப் பெட்டிக்குப் போகும், இல்லாவிட்டால் சிவப்புப் பெட்டிக்கு. நான்கு வருடத் தொழிற்பயிற்சியில் எனக்குச் சொல்லித் தந்ததின் சாரம் இவ்வளவுதான்.

இது அந்த அடுத்த தாள்.

முதலில் அம்மாவுக்கு என்ன வேண்டியிருந்தது என்று சொல்லிவிடுகிறேன். பெரியம்மா, அம்மாவின் ஒரே அக்கா, டொரொண்டோவில் இருக்கிறா. வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு அவவை இணைத்துவிடுவார்கள். விமானத்தில் வர முடியாது. அம்மா அவவைக் கடைசியாகப் பார்த்து இருபத்தாறு வருடம். அம்மாவிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. அதை வைத்து இரண்டு தடவை கனடாவுக்கு விசா கேட்டா, இரண்டு தடவையும் மறுத்துவிட்டார்கள். சுவிஸ் கடவுச்சீட்டு இருந்தால் விசா கேட்கவே தேவையில்லை. ஆகவே அம்மா முதியோர் இல்லத்துச் சமையலறை வேலை முடிந்த பிறகு, வாரம் இரண்டு மாலை ஜெர்மன் வகுப்புக்குப் போனா. இரண்டு வருடம் போனா. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் வினைச்சொற்களை ஒட்டி வைத்து, கறிக்கு வெங்காயம் வெட்டும்போது அவற்றைச் சொல்லிக்கொண்டே வெட்டுவா. சோதனையில் தேறினா. அம்மா, அப்பா இருவரின் பெயரிலும் விண்ணப்பத்தைப் போட்டோம், அதோடு கொடுக்க வேண்டிய பத்திரங்களின் பட்டியலை நான் எடுத்துக்கொண்டேன். மொத்தம் பதினொன்று.

அதே இரண்டு வருடத்தில்தான் அப்பாவும் நானும் இன்னொன்றைப் படித்தோம்.

லண்டனில் சட்டப்படி நடக்கும் ஒருவகைப் பந்தயம் அது. ஸ்பிரெட் என்பார்கள். யார் வெல்வார் என்பது அதில் கேள்வியில்லை. ஓர் அணி எத்தனை ஓட்டம் எடுக்கும் என்பதுதான் கேள்வி. பந்தய நிறுவனம் இரண்டு எண்களைச் சொல்லும், உதாரணமாக 250, 258. அணி அதைவிடக் கூட எடுக்கும் என்று நினைப்பவர் 258-இல் வாங்கலாம். குறைய எடுக்கும் என்று நினைப்பவர் 250-இல் விற்கலாம். இடையிலுள்ள எட்டு ஓட்டம் நிறுவனத்தின் வரும்படி. ஓர் ஓட்டத்துக்கு எவ்வளவு என்று நாங்கள் சொல்ல வேண்டும். ஐந்து பவுண்டு என்று வைத்து 250-இல் விற்றோம், அணி 213-இல் சுருண்டது என்றால், முப்பத்தேழு ஓட்ட வித்தியாசம், தலா ஐந்து, 185 பவுண்டு எங்களுக்கு. அணி 300 எடுத்தால் ஐம்பது ஓட்ட வித்தியாசம், 250 பவுண்டு எங்களிடமிருந்து போகும். சாதாரணப் பந்தயத்தில் வைத்த காசுதான் போகும். இதில் எவ்வளவு போகும் என்பது ஆட்டம் முடியும்வரை தெரியாது.

ஆட்டம் நடக்கும்போதும் அந்த இரண்டு எண்களும் மாறிக்கொண்டே இருக்கும். விக்கெட் விழுந்தால் இறங்கும், நான்கு அடித்தால் ஏறும். விற்றவர் பயந்தால் இடையில் திருப்பி வாங்கி, அந்த நேரத்து நட்டத்தோடு வெளியே வந்துவிடலாம்.

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மின்சாரக் கட்டணக் கடித உறையின் பின்பக்கத்தில் கோடு போட்டு அப்பாவுக்குக் காட்டினேன். சித்தப்பா தொலைபேசியில் சொன்னது அப்பாவுக்கு விளங்கவில்லை. நான் சொன்னது விளங்கியது.

"அட, இது உன்ரை வேலை மாதிரித்தானே பிள்ளை," என்றார். "மேலை ஒரு கோடு, கீழை ஒரு கோடு."

எனக்குச் சந்தோசமாக இருந்தது. அப்பா உணவுத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்கள் கழுவுகிறார். காலை ஐந்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடியும். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, படுக்கை. என் வேலை என்னவென்று அதுவரை அவர் கேட்டதில்லை.

அதன்பிறகு சனி, ஞாயிறு ஆட்டங்கள் எங்கள் இருவருக்குமானவை ஆயின. இலங்கையில் பிற்பகல் ஆட்டம் என்றால் இங்கே காலை பத்து, பதினொரு மணி. அப்பா பால் விடாத பிளேன்ரீயோடு இருப்பார். நான் மடிக்கணினியில் ஓர் அட்டவணை வைத்திருந்தேன். எந்த ஓவரில் எத்தனை ஓட்டம், எத்தனை விக்கெட் என்று போட்டால், கடைசியில் எத்தனை வரும் என்று பழைய ஆட்டங்களை வைத்துச் சொல்லும். சித்தப்பா கைபேசியில் கூப்பிடுவார்.

"அண்ணை, சிங்கம் இண்டைக்கு என்ன விலை தெரியுமோ? விக்கிறியளோ, வாங்கிறியளோ?"

இலங்கைக் கொடியில் இருக்கும் சிங்கத்தைச் சொல்கிறார்.

"விக்கிறன். அதை வாங்கி நான் எங்கை கட்டி வைக்கிறது?"

"சூரிச்சில மிருகக்காட்சிச்சாலை இருக்குதானே, அண்ணை."

"அங்கையும் வேண்டாமெண்டுதான் சொல்லுவாங்கள்."

அம்மா மேசையின் மறுமூலையில் ஜெர்மன் கொப்பியோடு இருப்பா. பந்தயம் பகிடிக்கு, ஐந்து பத்துப் பவுண்டுக்கு என்றுதான் அவ நினைத்திருந்தா. தொடக்கத்தில் அது உண்மையும்கூட.

"தகப்பனும் மோளும் சோதனைக்குப் படிக்கிற மாதிரி இருக்கிறியள்," என்பா. "உண்மையான சோதனைக்குப் படிக்கிறவளுக்குப் பக்கத்தில ஒருத்தரையும் காணேல்லை."

நான் சிரித்தேன். அது பகிடி என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பா மற்ற அணிகளின் ஆட்டத்தில் வாங்கினார், விற்றார், சிலவற்றைப் பந்தயமில்லாமல் விட்டும்விட்டார். இலங்கை அணி ஆடினால் மட்டும் ஒரு நாளும் வாங்கியதில்லை. ஒரு நாளும் விடவுமில்லை. நான் குறித்து வைத்திருந்தேன். பதினான்கு ஆட்டங்கள், பதினான்கிலும் விற்றார். நான்காவது ஆட்டத்திலேயே கேட்டேன்.

"அப்பா, இண்டைக்கு ஆடுதளம் நல்லம். எதிரணியிட்டை பந்து போட ஆளில்லை. இண்டைக்கெண்டாலும் வாங்கலாமே?"

"அந்தக் கொடிக்குக் கீழை என்ரை காசு ஒரு சதமும் போகாது," என்றார்.

அந்த நாட்டை விட்டு அவர் வந்த விதம் எனக்குத் தெரியும். அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் ஒன்று இருந்தது. அதே அணியின் ஆட்டக்காரர் ஒருவர் முன்காலை வைத்து, மட்டையை நேராக வீசி, தரையோடு பந்தை எல்லைக்கு அனுப்பினால் அப்பாவின் கை தானாகத் தட்டும். பள்ளிக்கூட அணியில் முதலாவதாக இறங்கி ஆடிய மனிதர். "அடி எண்டால் அது," என்பார். அந்த அடிக்கு அவரிடமிருந்து இருபது பவுண்டு போயிருக்கும். தட்டிவிட்டுத்தான் ஞாபகம் வரும்.

ஒரு கருவி ஒரே பக்கமாகப் பிழை காட்டினால், வேலையிடத்தில் நான் அதற்குச் சிவப்புத் துண்டு ஒட்டி அலுமாரியில் வைத்துவிடுவேன். அதில் அளந்த எதையும் வெளியே அனுப்பமாட்டேன். அப்பாவுக்கு என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவருக்குப் பக்கத்தில் இருக்கும் இடம் எனக்குப் பிடித்திருந்தது. செய்யவில்லை.

விற்பவருக்கு இருக்கும் இன்னொரு பிரச்சினையும் எனக்குத் தெரியும். கீழே ஒரு தரை இருக்கிறது, எந்த அணியும் பூச்சியத்துக்குக் கீழே போக முடியாது. மேலே கூரை இல்லை. இதை அந்தக் கடித உறையில் நான் எழுதவில்லை. எழுதியதெல்லாம் சரி. எழுதாமல் விட்டது இது.

அந்தச் சனிக்கிழமை விலை 268, 276. அப்பா 268-இல் விற்றார். அதற்குள் ஐந்து பவுண்டு இருபதாகியிருந்தது, ஏனென்றால் அதற்கு முந்திய மூன்று ஆட்டத்திலும் வென்றிருந்தார். தொடக்க ஆட்டக்காரர்கள் இருவரும் ஆட்டமிழக்காமல் நூற்றுப் பத்தைப் பதினான்கு ஓவரில் எடுத்தார்கள். விலை 310, 316 ஆனது.

"இப்ப வெளியில வந்தால் எவ்வளவு?" என்று அப்பா கேட்டார்.

"316-இல் திருப்பி வாங்கவேணும். நாப்பத்தெட்டு ஓட்டம். தொள்ளாயிரத்து அறுபது பவுண்டு."

அப்பா கோப்பையை வைத்தார். "உன்ரை மெசின் என்ன சொல்லுது?"

அட்டவணையைப் பார்த்தேன். அது 298 என்றது.

இந்த இடத்தில் நான் சொன்ன வசனம் எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. "கணக்குப்படி பாத்தால் இப்ப 310-இல் விக்கிறதுதான் லாபம், அப்பா. பன்னிரண்டு ஓட்டம் எங்கடை பக்கம் நிக்குது."

அது சராசரி. சராசரிக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு தூரம் போகலாம் என்று அந்த அட்டவணையில் ஒரு நிரல் இல்லை. ஒவ்வொரு நாளும் எல்லைகளை மட்டுமே பார்க்கிற வேலை செய்பவளான நான் அந்த நிரலைப் போட மறந்திருந்தேன்.

அப்பா சித்தப்பாவிடம் சொன்னார்: "இன்னொருக்கா விக்கிறன், 310-இல. நாப்பது போடு."

"அண்ணை, நாப்பதோ? ஒரு ஓட்டத்துக்கோ?"

"மோள் கணக்குப் பாத்துச் சொல்லிப்போட்டாள். போடு."

அவர்கள் 371 எடுத்தார்கள். முதல் விற்பனையில் நூற்றி மூன்று ஓட்டம், தலா இருபது. இரண்டாவதில் அறுபத்தொன்று, தலா நாற்பது. மொத்தம் நான்காயிரத்து ஐந்நூறு பவுண்டு, சித்தப்பாவின் கணக்கிலிருந்து போனது. கடைசிப் பத்து ஓவரில் அப்பா கை தட்டவில்லை. தொலைக்காட்சியின் சத்தத்தையும் குறைத்துவிட்டார். அம்மா சந்தைக்குப் போயிருந்தா.

"அம்மாவுக்குச் சொல்லவேண்டாம்," என்றார். "தம்பிக்கு ஆறு மாசத்தில குடுத்து முடிச்சிடுவன்."

"நான் தாறன், அப்பா. என்னட்டை இருக்கு."

"நீ பேசாமல் இரு. அது நான் பாத்துக்கொள்ளுறன்."

இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு தடவை கேட்டேன். "சித்தப்பான்ரை அலுவல்?" "அது நடக்குது," என்றார். செய்ய வேண்டியவை என்று நான் எழுதி வைத்திருந்த தாளில் அந்த வரிக்கு நேரே சரி போட்டேன். அந்த அட்டவணையையும் அழித்துவிட்டேன். எனக்கு அது முடிந்துபோன விசயம்.

நடந்தது என்னவென்றால், அப்பா மாதம் எழுநூற்றைம்பது பவுண்டு லண்டனுக்கு அனுப்பினார். பாதியை ஞாயிற்றுக்கிழமைகளில் மேலதிக வேலை செய்து சேர்த்தார். மற்றப் பாதிக்கு வீட்டுக் கட்டணங்களில் எதையாவது நிறுத்த வேண்டியிருந்தது. எல்லாக் கட்டணங்களையும், ஆளுக்கு ஆள் தனியாக மாதாமாதம் கட்ட வேண்டிய மருத்துவக் காப்புறுதி உட்பட, அவர்தான் கட்டுவார். வாடகையை நிறுத்தினால் அடுத்த மாதமே தெரிந்துவிடும். அவருடைய சொந்தக் காப்புறுதியை நிறுத்தப் பயம், ஒவ்வொரு மாதமும் சீனி வருத்தத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் குளிசை எடுக்கிறவர். அம்மா வருடத்துக்கு ஒரு தடவைகூட வைத்தியரிடம் போவதில்லை. ஆகவே அம்மாவின் காப்புறுதியை நிறுத்தினார்.

கடிதங்கள் வந்தன. வேலை முடிந்து முதலில் வீட்டுக்கு வருபவர் அப்பா, தபாற்பெட்டியைத் திறப்பவரும் அவர்தான். கடைசியாக, கடன் அறவிடும் அலுவலகத்தின் கட்டளையைத் தபால்காரர் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். அம்மா வீட்டில் இல்லாதபடியால் அப்பா ஒப்பமிட்டு வாங்கினார். கட்டாத கடனை அலுவலகம் மூலம் வசூலிப்பதைக் குறிக்கும் பெத்ரைபுங் என்ற, இங்கே எல்லோரும் பயப்படும் சொல் அந்தத் தாளின் தலைப்பில் இருந்தது. அப்பா மார்கழியில் மேலதிகமாக வரும் பதின்மூன்றாவது மாதச் சம்பளத்தில் ஒரு சதம் மிச்சமில்லாமல் முழுவதையும் கட்டினார். கட்டினால் முடிந்தது என்று நினைத்தார். அவருடைய ஊரில் கடன் அப்படித்தான் முடியும்.

இங்கே கட்டினாலும் பதிவு ஐந்து வருடம் இருக்கும், அது இருக்கும்வரை குடியுரிமை தரமாட்டார்கள்.

தை மாதம், பட்டியலில் ஒன்பதாவதாக இருந்த பத்திரத்தை எடுக்க நான் அந்த அலுவலகத்துக்குப் போனேன். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள், கடன் பதிவு இல்லை என்று அத்தாட்சி. அப்பாவுடையதில் ஒன்றும் இல்லை. அம்மாவுடையதில் ஒரு வரி இருந்தது. காப்புறுதி நிறுவனத்தின் பெயர், தொகை, பக்கத்தில் "செலுத்தப்பட்டது" என்ற சொல். பிழையாக வேறொருவரின் தாளைத் தந்துவிட்டீர்கள் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணிடம் சொன்னேன். அவர் பிறந்த திகதியை வாசித்துக் காட்டினார். அம்மாவின் பிறந்த திகதிதான்.

பிறகு நான் செய்தவை: அப்பாவிடம் கேட்டேன், முழுவதையும் சொன்னார். காப்புறுதி நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து, பதிவைத் திரும்பப் பெறும்படி கேட்டேன். தாங்கள் அறவிட்டது நியாயமானது, அப்படியான பதிவுகளைத் திரும்பப் பெறுவதில்லை என்றார்கள். கடிதம் எழுதினேன், அதே பதில் கடிதமாக வந்தது. நகரசபையில் குடியுரிமைப் பகுதி அலுவலரைச் சந்தித்தேன். அவர் நல்ல மனிதர். நிராகரிப்பு ஒன்று கோப்பில் விழுவதைவிட, நீங்களாகவே விண்ணப்பத்தை மீளப் பெறுவது நல்லது என்றார். அப்பாவின் தாள் சுத்தமாக இருக்கிறதே, அவர் மட்டும் தொடரலாமா என்று கேட்டேன். தொடரலாம் என்றார். ஜெர்மன் சோதனை எழுதிவிட்டாரா என்று கேட்டார். அப்பா எழுதவில்லை.

அம்மாவிடம் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். நான்தான் சொன்னேன், அப்பா பக்கத்தில் இருந்தார். அம்மா தாளை வாங்கி, விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக ஜெர்மனில் வாசித்தா. ஒரு சொல்லுக்கும் என்னிடம் கருத்துக் கேட்கவில்லை.

"இஞ்சேருங்கோ," என்றா அப்பாவிடம். "ஏன் என்ரையை நிப்பாட்டினனீங்கள்?"

"நீ டொக்டரிட்டைப் போறதில்லைத்தானே..."

"ஓம். நான் வருத்தம் வராத ஆள்."

அம்மா என் பக்கம் திரும்பினா.

"உந்த விளையாட்டு என்னெண்டு எனக்கும் விளங்கப்படுத்து. கொப்பருக்குச் சொன்ன மாதிரிச் சொல்லு."

நான் சொன்னேன். இரண்டு எண்கள், வாங்குவது, விற்பது, ஓர் ஓட்டத்துக்கு இவ்வளவு, தரை, கூரை. இந்தத் தடவை ஒன்றையும் விடாமல் சொன்னேன். அம்மா வகுப்பில் இருப்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டா. முடிந்ததும் தாளை என் பக்கம் திருப்பி வைத்தா.

"அப்ப இதில நான் வித்தனானோ, வாங்கினனானோ?"

அப்பா எழும்பி, சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வெளியே போனார். ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தபோது அம்மா அவருக்குச் சோறு போட்டு மூடி வைத்திருந்தா. சத்தம் போட்டிருந்தால் நல்லது என்று அப்போது நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

அடுத்த கிழமை அம்மா விண்ணப்பத்தை மீளப் பெறும் கடிதத்தில் ஒப்பமிட்டா. அந்தக் கடிதத்தை அவவே எழுதினா. நான் பார்த்துத் திருத்தித் தருவதாகச் சொன்னேன். தேவையில்லை என்றா. வேலைக்குப் போகிற வழியில் அதைத் தபாலில் போட்டது நான். உறை ஒட்டியிருக்கவில்லை, வாசித்துப் பார்த்தேன். நான்கு வசனங்கள், ஒரு பிழை.

பெரியம்மாவுக்குக் காரணம் சொல்லவில்லை. பத்திரங்கள் சுணங்குது, அக்கா, இஞ்சை எல்லாம் மெல்லத்தான் என்று அம்மா தொலைபேசியில் சொல்வது எனக்குக் கேட்டது. மறுமுனையில் பெரியம்மா, "சுணங்கட்டும், நான் எங்கையும் ஓடிப்போகேல்லை," என்றா. இயந்திரத்தில் இருந்துகொண்டு பேசினா, பின்னால் அது பீப் அடிக்கும் சத்தமும் வந்தது.

இப்போதைய நிலை இது. சித்தப்பாவுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. காப்புறுதிக்கும் ஒன்றுமில்லை. அப்பா பந்தயம் பிடிப்பதில்லை, ஆட்டமும் பார்ப்பதில்லை. கட்டணங்கள் எல்லாவற்றையும் அம்மாவே கட்டுகிறா. மூன்றாவது தடவையாகக் கனடாவுக்கு விசா கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. பதிவு மறைய இன்னும் நான்கு வருடமும் இரண்டு மாதமும் இருக்கின்றன. பெரியம்மாவின் வைத்தியர்கள் அவ்வளவு காலத்தைப் பற்றிப் பேசுவதில்லை.